பட்டினி கிடந்து பல் குத்தியவர்கள்

சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறையாவது அந்த ஃபார்வர்ட் வந்துவிடும். கலாச்சாரத்தை விட்டோம், அதனால்தான் வல்லரசு ஆகாமல் போனோம் என்று. அதில் கலாச்சாரம் என்றால் வேட்டி, கோலம், பெரியவர்கள் காலில் விழுவது, அவ்வளவுதான். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஸ்பெயின்காரர் ஞாபகத்துக்கு வருவார். நிஜ ஆள் இல்லை, 1554இல் எழுதியவர் பெயர் போடாமல் வெளிவந்த ஒரு நாவலில் வருகிறவர்.

தொலேதோ நகரத்தில் வாடகை வீடு. உள்ளே உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடையாது. வேலைக்காரப் பையன் தெருவில் பிச்சை எடுத்துக் கொண்டுவரும் ரொட்டியையும் மாட்டுக்காலையும்தான் எஜமானர் சாப்பிடுகிறார். ஆனால் இடுப்பில் வாள், தோளில் மேலங்கி, நடையில் ஒரு மிடுக்கு. வயிற்றில் ஒன்றும் இல்லாத நாளிலும் ஒரு துரும்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, விருந்து சாப்பிட்டவர் மாதிரி பல் குத்துவார். குடிக்கிறது கூழு, கொப்பளிக்கிறது பன்னீரு என்று நம் ஊரில் சொல்வது இவரைப் பார்த்துத்தானோ என்று தோன்றும்.

இத்தனைக்கும் அப்போது உலகத்திலேயே பெரிய கை ஸ்பெயின்தான். 1545இல் இன்றைய பொலிவியாவில் பொத்தோசி வெள்ளி மலை கிடைத்திருந்தது, வருகிற வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. அப்படியும் இரண்டாம் ஃபிலிப் 1557, 1575, 1596 என்று திரும்பத் திரும்ப, கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தார். வெள்ளி செவியா துறைமுகத்தில் இறங்கியது, அப்படியே இத்தாலியின் ஜெனோவா நகரத்து வட்டிக்காரர்களிடம் வாங்கிய கடனுக்கும், இன்றைய பெல்ஜியம் பக்கம் ஃபிளாண்டர்ஸில் நடந்த சண்டைக்கும் போய்விட்டது. ஸ்பெயின் ஆட்டு ரோமம் வெளியே போய்த் துணியாகி, விலை ஏறித் திரும்பி வந்தது. துணியை ஏன் அங்கேயே நெய்யவில்லை என்று கேட்டால்தான் பல் குத்துகிறவரிடம் திரும்ப வேண்டியிருக்கிறது.

அவர் மாதிரி ஆட்களுக்கு இடால்கோ என்று பெயர், சின்னப் பிரபு என்று வைத்துக்கொள்ளலாம். பிரபுவாக இருந்தால் பல வரிகள் கிடையாது, கடனுக்காகச் சிறையில் போட முடியாது. கையால் வேலை செய்தால் மட்டும் கௌரவம் போய்விடும். ஆக நாலு காசு சேர்த்த வியாபாரி என்ன செய்வான்? தறியில் போடுவதை விட்டுவிட்டு பிரபுப் பட்டம் வாங்குவான், மிச்சத்தை அரசாங்கக் கடன் பத்திரத்தில் போட்டுவிட்டு வட்டியில் உட்கார்ந்து சாப்பிடுவான். அவனைச் சோம்பேறி என்று சொல்லமாட்டேன், கணக்குத் தெரிந்தவன். கலாச்சாரம் கலாச்சாரம் என்கிறோம், பாதி நேரம் அதற்குப் பின்னால் ஒரு வரிச்சட்டம் உட்கார்ந்திருக்கிறது. (லேத் பட்டறை வைத்து நன்றாகச் சம்பாதிக்கிற எங்கள் அண்ணனுக்கு மூன்று வருஷமாகப் பெண் அமையவில்லை, கையில் கிரீஸ் இருக்கிறதாம். ஆகவே ஸ்பெயின்காரனைப் பார்த்து ரொம்பச் சிரிக்கவும் முடியவில்லை.)

1600இலேயே கொன்சாலெஸ் தே செயோரிகோ என்ற வழக்கறிஞர் இதைப் பிடித்துவிட்டார். இயற்கை ஒழுங்குக்கு வெளியே வாழ்கிற, மந்திரத்தில் கட்டுண்ட மனிதர்களின் நாடு இது என்று எழுதினார். வெள்ளி இருப்பதாலேயே நாம் ஏழையாக இருக்கிறோம் என்பது அவர் கட்சி. யார் கேட்டார்கள்?

கேட்காததோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. வேலை செய்துகொண்டிருந்தவர்களையும் விரட்டினார்கள். 1492இல் யூதர்கள். அப்புறம் 1609 ஏப்ரல் 9, மூன்றாம் ஃபிலிப் ஒரே நாளில் இரண்டு காரியத்துக்குச் சம்மதிக்கிறார்: ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்துக் கலகம் செய்த டச்சுக்காரர்களோடு பன்னிரண்டு வருஷப் போர் நிறுத்தம், மதம் மாறிய முஸ்லிம்களான மொரிஸ்கோக்களை நாட்டைவிட்டு வெளியேற்றுவது. சுமார் 3 லட்சம் பேர் போனார்கள். வாலென்சியாவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மொரிஸ்கோ, வாய்க்கால் பாசனம் அவர்கள் கைப்பழக்கம். அவர்கள் போனபின் கிராமம் கிராமமாகக் காலியாகக் கிடந்தது, குத்தகை வராமல் நிலப்பிரபுக்களே புலம்பினார்கள். ஞானஸ்நானம் வாங்கித் தலைமுறைகள் ஆனாலும் ரத்தம் சுத்தமில்லை என்றால் சுத்தமில்லைதான். 1449இலேயே தொலேதோவில் இதற்குச் சட்டம் போட்டிருந்தார்கள்.

எதிர்ப்பக்கம் ஆம்ஸ்டர்டாம். 1585இல் ஸ்பெயின் படை, இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆன்ட்வெர்ப் நகரத்தைப் பிடித்தபோது அங்கிருந்த வியாபாரிகளும் நெசவாளர்களும் வடக்கே ஓடினார்கள், ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கமிருந்து வந்த யூதர்களும் ஆம்ஸ்டர்டாமில் போய்ச் சேர்ந்தார்கள். டச்சுக்காரன் மகாத்மா இல்லை, வந்தவன் பணமும் தொழிலும் கொண்டுவந்தான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டான். 1602இல் அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. சில வருஷத்திலேயே பழவேற்காட்டில் கோட்டை கட்டி நம் துணியை வாங்கிக்கொண்டிருந்தார்கள், 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பறித்தார்கள். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்குப் போனால் வாசலில் இரண்டு எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கும், பார்த்திருப்பீர்கள்.

சரி, அந்த டச்சுக்காரனாவது நிலைத்தானா? 18ஆம் நூற்றாண்டில் அவன் பேரப்பிள்ளைகளும் பவுடர் பூசிய விக்கை மாட்டிக்கொண்டு, இங்கிலாந்துக் கடன் பத்திர வட்டியில் காலம் தள்ள ஆரம்பித்தார்கள். இங்கேயும் அதே துரும்பு, அதே பல்.

கலாச்சாரம்தான் எல்லாம் என்று நான் சொல்லவில்லை. ஓயாத போரும் வரியும் கொள்ளைநோயும் சேர்ந்துதான் ஸ்பெயினைச் சாய்த்தன, அதுவும் ஒரே நாளில் இல்லை. ஆனாலும் 1783ஐ மறக்க முடியவில்லை. அந்த வருஷம் மூன்றாம் கார்லோஸ் ஓர் உத்தரவு போட்டார்: தோல் பதனிடுபவர், கொல்லர், தையற்காரர், செருப்புத் தைப்பவர், தச்சர், இவர்கள் செய்வதெல்லாம் கண்ணியமான தொழில், இதனால் யாருக்கும் மானம் போகாது. ராஜா கையெழுத்துப் போட்டுச் சொல்லவேண்டியிருந்தது. அதற்குள் இங்கிலாந்தில், கருவி செய்து பிழைத்த ஜேம்ஸ் வாட்டின் இயந்திரம் சுரங்கங்களில் தண்ணீர் இறைக்க ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.