நியூயார்க்கில் வண்டியை நிறுத்தியவன்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கட்டிங்கில் இருந்து காலை எட்டரைக்கு வர வேண்டிய மூட்டை மதியம் ஆகியும் வரவில்லை. எங்கள் தையல் யூனிட் அனுப்பர்பாளையம் பக்கம், கட்டிங் நடப்பது கொங்கு நகரில், நடுவில் இருப்பது ஒரே ஒரு குட்டியானை. டிரைவர் அண்ணனுக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். பவர் டேபிளில் 28 பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், பீஸ் ரேட் ஆட்கள், மிஷின் ஓடாவிட்டால் அவர்களுக்கும் காசு இல்லை. ஷிப்மென்ட் தவறினால் கப்பலில் போக வேண்டிய சரக்கை நம் செலவில் விமானத்தில் ஏற்ற வேண்டும், அதோடு அந்த ஆர்டரின் லாபம் முடிந்தது. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கடுப்பில் டீயும் போனுமாக உட்கார்ந்து படித்ததுதான் நியூயார்க் யூத ரவுடி லெப்கேயின் கதை.

அமெரிக்க யூத ரவுடிகள் என்றால் எல்லோரும் சொல்வது மேயர் லான்ஸ்கியை, இல்லாவிட்டால் லாஸ் வேகாஸில் ஃப்ளமிங்கோ ஹோட்டலைத் திறந்து ஆறு மாதத்தில், 1947 ஜூனில், சுட்டுக் கொல்லப்பட்ட பக்ஸி சீகலை. தொப்பி, கோட்டு, சூதாட்டம், சினிமாவுக்கு வசதியான ஆட்கள். லெப்கே அப்படி இல்லை, பனியன் கம்பெனி கணக்குப்பிள்ளை மாதிரி அமைதியான முகம். சொந்தப் பெயர் லூயிஸ் புக்கால்டர், 1897இல் நியூயார்க்கில் பிறந்தவன், யிட்டிஷ் மொழியில் அம்மா செல்லமாகக் கூப்பிட்ட ‘குட்டி லூயிஸ்’தான் லெப்கே என்று நிலைத்தது. கூட்டாளி ஜேக்கப் ஷபிரோ, பட்டப்பெயர் குர்ரா. அடிதடி அவன் வேலை, யோசிப்பது லெப்கே.

அப்போதைய நியூயார்க் ஜவுளித் தொழிலைப் படித்தால் நம் ஊரை எழுதியிருக்கிறார்களோ என்று தோன்றும். ஆர்டர் பிடிப்பவர் ஒருவர், துணி வெட்டுவது ஓரிடம், தைப்பது இன்னோரிடம், எல்லாம் ஜாப் ஒர்க். கிழக்கு ஐரோப்பாவில் அடிபட்டுக் கப்பலேறி வந்த யூதர்கள்தான் பெரும்பாலும் ஓனர், டெய்லர், யூனியன் தலைவர், லாரிக்காரர் எல்லாமே. அதில் ஒரு சிறு கூட்டம் ரவுடியாகவும் போனது, அவர்கள் மிரட்டியதும் பெரும்பாலும் சொந்த ஜனத்தைத்தான். இதை வைத்து ஒரு சமூகத்தையே திட்டுகிறவர்கள் இந்த இடத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ரவுடிகள் தானாக உள்ளே வரவில்லை என்பது எனக்குப் புதுசு. கூப்பிட்டார்கள். வேலைநிறுத்தம் வந்தால் தொழிலாளிகளை அடிக்க ஓனர்கள் ஆள் பிடித்தார்கள், திருப்பி அடிக்க யூனியன்களும் பிடித்தன. 1926 வேலைநிறுத்தத்தில் ஓனர்கள் பக்கம் லெக்ஸ் டயமண்ட் என்ற ரவுடியின் ஆட்கள், யூனியன் பக்கம் லிட்டில் ஆகி என்ற ரவுடியின் ஆட்கள். அடுத்த வருஷம் லிட்டில் ஆகியை நடுத்தெருவில் சுட்டார்கள். பிடிபட்டது அவனிடமே வேலை பார்த்த லெப்கேயும் குர்ராவும், ஆனால் சாட்சி இல்லாமல் வெளியே வந்துவிட்டார்கள்.

அதுவரைக்கும் இருந்தவர்கள் வேலைநிறுத்தம் முடிந்ததும் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். லெப்கே போகவில்லை. லாரியைப் பிடித்தான். கட்டிங்குக்கும் தையலுக்கும் நடுவில் ஓடும் லாரி நின்றால் இரண்டு பக்கமும் படுத்துவிடும், சீசன் துணி என்பதால் ஒரு வாரம் தள்ளினாலே அந்தச் சரக்கை வாங்க ஆளிருக்காது. ஆயிரம் கம்பெனிகளைத் தனித்தனியாக மிரட்ட யாரால் முடியும், சொல்லுங்கள்? லாரிக்காரர் சங்கமும் கட்டிங் ஆட்களின் யூனியன் கிளையும் கையில் இருந்தால் போதும், ஓனர்கள் கேட்காமலே மாமூல் கட்டுவார்கள், அதை லாரி வாடகையிலேயே ஏற்றி வாங்கிவிடலாம். அப்புறம் சில கம்பெனிகளில் பங்குதாரராகவே உட்கார்ந்துவிட்டான். முயல் தோல் பதனிடும் தொழிலிலும் இதையே செய்து, 1936இல் இருவருக்கும் இரண்டு வருஷம் தண்டனை ஆனது.

ஆனால் அவனை முடித்தது ஒரு சின்ன லாரிக்காரர். ஜோசப் ரோசன். பென்சில்வேனியாவில் யூனியன் இல்லாத தையல் கடைகளுக்குச் சரக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்த ரூட்டை லெப்கே நிறுத்தினான், பிழைப்பு போனது, புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்து உட்கார்ந்தார். மனசு ஆறாமல் புலம்பிக்கொண்டே இருந்தவர், ரவுடிகளை விசாரித்துக்கொண்டிருந்த சிறப்பு அரசு வழக்கறிஞர் தாமஸ் டியூயியிடம் போய்ச் சொல்லிவிடுவாரோ என்று லெப்கே பயந்தான், 1936 செப்டம்பர் 13, ஞாயிறு காலையில் அவன் ஆட்கள் அந்தக் கடைக்குள்ளேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். எத்தனையோ கொலைகளில் இந்த ஒன்றுதான் லெப்கேயைச் சிங் சிங் சிறையின் மின்சார நாற்காலிவரை கொண்டுபோனது, 1944 மார்ச் 4. அமெரிக்காவில் இவ்வளவு பெரிய கும்பல் தலைவன் ஒருவனுக்கு மரண தண்டனை நிறைவேறியது அந்த ஒரு தடவைதான்.

ரோசன் பற்றி இன்னும் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஹாரன் சத்தம். மணி மூன்றரை. ஆக்ஸில் உடைந்து அவினாசி ரோட்டில் நின்றதாம், போனில் சார்ஜும் இல்லையாம். நான் கத்துவதற்கு வாயைத் திறக்கும் முன்னாலேயே, மூட்டையைக்கூட அவிழ்க்காமல், டிரைவர் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஏனுங்ணா, வேற வண்டிக்குச் சொல்லிப்போட்டீங்களா?”