இப்போது எண் எத்தனை?

"அம்மா, உள்ளே போனால் மூச்சு நின்றுவிடுமா?"

என் மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. லிஃப்ட் கதவு திறந்தே நின்றது. அவள் என் கையை இறுகப் பற்றிக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள். லிஃப்டைக் காட்டி அவளை யாரும் பயமுறுத்தியதில்லை. அது பாதியில் நின்று அவள் பார்த்ததுமில்லை. அவள் பார்த்ததெல்லாம் என்னைத்தான். லிஃப்ட் பக்கம் வந்ததும் என் நடை தளர்வதையும், "படியிலேயே போய்விடலாம் கண்ணா" என்று நான் அவளை இழுத்துக்கொண்டு நகர்வதையும் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள். என் பயம் ஒரு சொல்லும் இல்லாமல் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன ஒரு லிஃப்டில் 40 நிமிடங்கள் சிக்கியிருந்தேன். விளக்கும் அணைந்துவிட்டது. உடன் இருந்த இருவரும் அமைதியாக இருந்தார்கள். நான்தான் கதவை அடித்துக் கத்தினேன். வெளியே வந்த பிறகும் நெஞ்சு படபடப்பு அடங்க வெகு நேரமானது. மறுநாள் படியேறினேன், அதற்கடுத்த நாளும் படியேறினேன். ஒவ்வொரு முறை லிஃப்டைத் தவிர்த்தபோதும் மனதுக்கு ஒரு நிம்மதி கிடைத்தது. அந்த நிம்மதிதான் பயத்துக்கு உரமாகப் போனது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. "நல்லவேளை, தப்பித்தோம்" என்று உடல் ஒவ்வொரு நாளும் கணக்கு எழுதிக்கொண்டது. தப்பிக்க அங்கே எதுவுமே இருந்ததில்லை என்பதைத் தெரிந்துகொள்ள நான் அதற்கு வாய்ப்பே தரவில்லை.

இந்த ஆறு ஆண்டுகளில் எதையெல்லாம் விட்டேன் என்று எண்ணிப் பார்த்தால் இப்போதும் மனம் கனக்கிறது. 14ஆவது மாடியில் நடந்த ஒரு நேர்முகத் தேர்வுக்கு உடல்நலம் சரியில்லை என்று பொய் சொல்லிப் போகாமல் இருந்தேன். மருத்துவமனையில் இருந்த என் அத்தையைப் பார்க்க ஏழு மாடி ஏறி, மூச்சிரைக்க அவர் அருகில் போய் உட்கார்ந்தேன். "ஏனம்மா இப்படி வேர்த்திருக்கிறது?" என்று அவர் தன் கையால் என் நெற்றியைத் துடைத்துவிட்டார். நோயாளி அவர்.

முதலில் அறிவால் இதை வெல்லப் பார்த்தேன். லிஃப்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கம்பி வடத்தில் தொங்கும் லிஃப்டுகளில் பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட வடங்கள் இருக்கும். வேகம் அளவு மீறினால் அதைக் கண்டுணரும் கருவி ஒன்று, தண்டவாளம் போன்ற வழிகாட்டிக் கம்பிகளைப் பிடிக்கும் தடையை இயக்கிவிடும். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் எலிஷா ஓட்டிஸ் 1854இல் நியூயார்க்கில் கூட்டத்தின் முன் மேடையில் உயரே நின்றபடி, தன்னைத் தாங்கிய கயிற்றையே வெட்டச் செய்து இத்தகைய தடையைக் காட்டினார். லிஃப்டுப் பெட்டி காற்றுப் புகாதபடி அடைத்துச் செய்யப்பட்டதல்ல, அதில் காற்றோட்டத்துக்கான திறப்புகள் உண்டு. இவ்வளவும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் கதவுக்கு முன்னால் போய் நின்றால் கால் நகர மறுத்தது.

பிறகு ஒரு தோழி, "ஒரே ஒரு தடவை போய்விட்டால் சரியாகிவிடும்" என்று அன்போடு என்னை உள்ளே இழுத்துக்கொண்டாள். படபடப்பு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது இரண்டாவது மாடியில் கதவு திறந்தது, நான் வெளியே பாய்ந்துவிட்டேன். அதன் பிறகு பயம் முன்னைவிட மோசமானது. அவள்மீது எனக்குக் கோபம் இல்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மகளின் கேள்விக்குப் பிறகு ஒரு உளவியல் ஆலோசகரிடம் போனேன். அவர் முதலில் பொது மருத்துவரிடம் அனுப்பினார். படபடப்புக்கு இதயமோ தைராய்டோ காரணமாக இருக்கலாம், அது இல்லை என்று உறுதிசெய்துகொண்டு தொடங்குவோம் என்றார். இதைப் படிக்கும் யாரும் இந்த முதல் படியைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்று விரும்புகிறேன்.

அடுத்து, "உள்ளே என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள்? ஒரே வரியில் எழுதுங்கள்" என்றார். லிஃப்ட் அறுந்து விழும் என்று எழுதப்போகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். கை எழுதியது வேறு: "எனக்கு மூச்சு முட்டும், அறிவிழந்து கத்திவிடுவேன், எல்லோரும் பார்ப்பார்கள்." வடங்களைப் பற்றிப் படித்தது ஏன் உதவவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. நான் பயந்தது லிஃப்டுக்கு அல்ல. உள்ளே நான் என்ன ஆகிவிடுவேனோ என்பதற்குத்தான் பயந்தேன்.

பயத்துக்கு எண் கொடுக்கச் சொன்னார். 0 என்றால் முழு நிம்மதி, 100 என்றால் வாழ்க்கையில் அனுபவித்த உச்சப் பயம். இந்த அளவுகோலை உருவாக்கியவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே. பயத்தைப் படிப்படியாக நெருங்கும் முறை அவருக்கும் முந்தையது. 1924இல் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சிறுவன் விரும்பிச் சாப்பிடும் நேரத்தில் முயல் கூண்டைத் தொலைவில் வைத்து, நாளாக நாளாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தடவிக்கொடுத்தான். அந்தச் சிறுவனை நினைத்தபோது எனக்கு ஏனோ தைரியம் வந்தது.

அதே முறையில், எளியதிலிருந்து கடினமானதுக்கு நான் ஏற வேண்டிய ஏணி இப்படி அமைந்தது. திறந்த கதவுக்கு முன் நிற்பது 25. ஒருவர் கதவைப் பிடித்திருக்க உள்ளே போய் நின்று வெளியே வருவது 40. கணவருடன் ஒரு மாடி 50. தனியாக ஒரு மாடி 65. தனியாகப் பத்து மாடி 85. நெரிசலான லிஃப்ட் 95. ஒவ்வொரு படியையும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடிவரக் கூடாது. விதி இவ்வளவுதான்.

முதல் வாரம் கதவுக்கு முன்னால் நின்றதை இங்கே விவரிக்க எதுவும் இல்லை. தனியாக ஒரு மாடி போன நாளை மட்டும் மறக்க முடியாது. கதவு மூடியதும் எண் 80க்கு ஏறியது. உள்ளங்கை ஈரமானது, காதில் இரத்தம் துடித்தது. மேலே போய், கீழே வந்து, மீண்டும் மேலே போனேன். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ, கதவு மூடும்போது நாளைக்கு மகளுக்கு என்ன எழுதுபொருள் வாங்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். எண் 35. வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதேன்.

ஆனால் அதைவிடக் கடினமான ஒன்று காத்திருந்தது. நான் லிஃப்டில் போகும்போதெல்லாம் கையில் தண்ணீர் பாட்டிலும் போனும் இருக்கும், பொத்தான்களை ஒட்டியே நிற்பேன், மாடி எண்களை வாய்க்குள் எண்ணுவேன். ஆலோசகர் இவற்றை ஊன்றுகோல்கள் என்றார். "தப்பித்தது தண்ணீர் பாட்டிலால்தான் என்று உங்கள் மனம் நம்பிக்கொண்டிருக்கும்வரை பயணம் பாதுகாப்பானது என்பதை அது கற்றுக்கொள்ளாது" என்றார். பாட்டிலை வெளியே வைத்துவிட்டுப் போன முதல் நாள், ஏற்கெனவே 30க்கு வந்திருந்த எண் 70க்குத் தாவியது. போனை விட்டுவிட்டுப் பின்சுவர் ஓரம் போய் நிற்க மூன்று வாரங்கள் பிடித்தன. என்னைக் கேட்டால் இந்த மூன்று வாரங்களில்தான் நான் குணமானேன்.

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதினேன்: என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது. எண் அன்று குறைந்ததா என்பதைவிட, பயந்தது நடந்ததா என்பதற்கே ஆலோசகர் அதிக மதிப்புக் கொடுத்தார். நோட்டு முழுவதும் "கத்திவிடுவேன்" என்பதற்கு எதிரே "கத்தவில்லை" என்று நிரம்பியது.

நான்காம் மாதம் ஒரு பழைய கட்டடத்துக்குப் போனேன். குறுகிய லிஃப்ட், மங்கிய விளக்கு. எண் நேராக 85. எல்லாம் வீணாகிவிட்டது என்று உடைந்துபோனேன். பழைய பயம் அழிவதில்லை, அதன் பக்கத்தில் புதிய நினைவு ஒன்று உருவாகிறது, புதிய இடத்தில் பழையது முந்திக்கொள்ளும் என்று ஆலோசகர் விளக்கினார். அதனால் ஒரே லிஃப்டில் பழகியது போதாது. பல கட்டடங்களில், பல நேரங்களில், களைத்திருக்கும் நாளிலும் போய்ப் பழகினேன்.

என் கணவர் ஆறு ஆண்டுகளாக "பயப்படாதே, ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவந்தார். அதில் இருந்த அன்பு எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம், பயப்படுவது என் குறை என்றே தோன்றும். ஆலோசகர் சொன்ன பிறகு அவர் அதை நிறுத்திவிட்டு, "இப்போது எண் எத்தனை?" என்று மட்டும் கேட்கத் தொடங்கினார். 70 என்றால் "சரி, 70" என்பார், பக்கத்திலேயே நிற்பார். பயத்தோடு இருக்க எனக்கு இடம் கிடைத்தது. தன்னம்பிக்கையைப் பற்றி உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் எழுதியதை ஆலோசகர் ஒருமுறை சொன்னார்: பிறர் தரும் ஊக்கத்தைவிட, தானே செய்து முடித்த அனுபவமே 'என்னால் முடியும்' என்ற எண்ணத்துக்கு வலுவான ஊற்று. என் நோட்டைப் புரட்டும்போது அதை உணர்கிறேன். அலுவலகக் கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்கும்போதும் இப்போது ஓரத்தில் ஒரு எண்ணை எழுதிவிட்டுப் பேசத் தொடங்குகிறேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, தானாக வந்தது.

சென்ற மாதம் மகளும் நானும் ஒரு லிஃப்டின் முன் நின்றோம். அவளுக்கு இப்போது ஆறு வயது.

"அம்மா, உன் எண் எத்தனை?"

"30. உன்னுடையது?"

அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "50."

"சரி, 50" என்றேன். கதவு திறந்தது. எத்தனாவது மாடி என்று கேட்டுக்கொண்டே அவள் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள்.