ஸ்கேனில் ஒன்றுமில்லை

பினாங்கில் ஒரு மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருக்கிறேன்; அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்குவது என் வேலை. தலையில் அடிபட்டு என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்கள்தான். நினைவு தப்பியது அரை மணி நேரத்துக்குள், நினைவுத் தெளிவை அளக்கும் கோமா அளவுகோலில் 13 முதல் 15 என்றால் கோப்பில் 'லேசான மூளைக் காயம்' என்று எழுதுவோம். அந்த 'லேசான' இருக்கிறதே, வீட்டில் சண்டையைக் கிளப்புவதே அதுதான்.

பிறையிலிருந்து தினமும் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸுக்கு வேலைக்கு வரும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒருவர். முதல் ஒன்றிரண்டு நாள் நல்ல ஓய்வு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வேலை என்று விளக்கும் தாளை அவர் கையில் கொடுத்தனுப்பினேன். மறதி என்று வந்தவரிடம் போய்! தாள் சட்டைப் பையோடு வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து மனைவியும் கூட வந்தார். "தங்கச்சி, ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. டிவி சத்தத்துக்கெல்லாம் புள்ளைய அடிக்கப் போறாரு. எம்.சி. லீவுக்காக நடிக்கிறாருன்னு எங்க அண்ணன் சொல்றாரு."

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்தக் கசிவு, எலும்பு முறிவு எல்லாம் ஸ்கேனில் தெரியும். நரம்பிழைகள் இழுபட்டது பெரும்பாலும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா முகம் மாறவில்லை. சரி என்று இருவரையும் எங்கள் பயிற்சிச் சமையலறைக்கு அழைத்துப்போனேன்.

"ஒரு தே போடுங்கண்ணே."

தண்ணீர் கொதித்தது, தேயிலைத் தூள் போட்டார், கெட்டிப்பால் ஊற்றினார். பக்கத்து அறையில் ஃபோன் அடித்தது. திரும்பிப் பார்த்தவர், மறுபடியும் பால் டின்னை எடுத்து ஊற்றினார். பிறகு கரண்டியோடு அப்படியே நின்று மனைவியைப் பார்த்து, "போட்டேனா?" என்றார்.

"தினமும் காலைல எனக்கு தே போட்டுக் குடுக்கிறதே இவருதான்," என்றார் அக்கா. அதற்குப் பிறகு தன் அண்ணன் சொன்ன பேச்சை எடுக்கவில்லை.

அதன்பின் பேசியதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். அவர் சாப்பிடும்போது டிவி வேண்டாம், ஒரு நேரத்தில் ஒரு வேலை, மதியம் ஒரு குட்டித் தூக்கம். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்பதால் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு உதவிக்கான விண்ணப்பத்தைப் பற்றியும் சொன்னேன். அந்தப் படிவங்கள் தலையில் அடிபடாதவருக்கே தலைவலி.

பெரும்பாலோர் மூன்று மாதத்துக்குள் தேறிவிடுவார்கள் என்றேன்.

"இவரு அந்தப் பெரும்பாலோர்ல ஒருத்தரா?"

அடுத்த தேதியைத் தாளில் எழுதினேன். இந்த முறை அக்கா கையில் கொடுத்தேன்.