இருக்கிறதா, தெரிகிறதா?

சென்ற மாதம் அம்மாவுக்கு வயிற்று ஸ்கேன் எடுத்து வந்தோம். அறிக்கை ஒன்றரைப் பக்கம், முழுவதும் ஆங்கிலம். வீட்டுக்கு வந்ததும் "ஒரு வரி விடாமப் படி" என்று அம்மா சொல்ல, நானும் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். 'லிவர் அப்பியர்ஸ் நார்மல்' என்ற இடத்தில், "ஈரல் இயல்பாகத் தெரிகிறது" என்றேன். "தெரியுதுன்னா என்னப்பா அர்த்தம்? நல்லா இருக்குதா இல்லையா, அதைச் சொல்லு" என்றார் அம்மா. 15 ஆண்டுகளாக மொழிபெயர்ப்பில் பிழைக்கிறவனுக்கு அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அறிக்கையை மறுபடி பார்த்தேன். பித்தப்பை நன்றாக விரிந்திருப்பதற்கு 'இஸ்' போட்டிருந்தது. கல் எதுவும் 'காணப்படவில்லை'. கணையத்தைக் குடல்வாயு மறைத்துவிட்டது. ஈரலுக்கு மட்டும் 'அப்பியர்ஸ்'. ஸ்கேன் கருவி ஒலியலையை உடம்புக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைச் சாம்பல் நிறப் படமாகத் திரையில் காட்டுகிறது; மருத்துவர் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். 'அப்பியர்ஸ்' என்று எழுதும்போது, படத்தில் நான் கண்டமட்டும் இப்படி என்று அவர் ஓர் எல்லை கட்டுகிறார். நாளை இரத்தப் பரிசோதனையில் வேறு ஏதாவது வந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகிவிடாது. ஆனால் பித்தப்பையும் அதே திரையில் கண்டதுதானே, அதற்கு மட்டும் ஏன் 'இஸ்' என்று கேட்டால், கைப்பழக்கம் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

நம் அகராதிகளில் 'சீம்', 'அப்பியர்' இரண்டுக்கும் முதல் பொருளாகத் 'தோன்று' என்றே இருக்கும். பள்ளியில் இவற்றை 'இஸ்' என்பதோடு ஒரே வரிசையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். உறுதி குறையக் குறைய 'இஸ்' போய் 'சீம்ஸ்' வரும் என்று நானும் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணத்தைக் கலைத்தவர் ஆக்ஸ்போர்டில் தத்துவம் கற்பித்த ஜே.எல். ஆஸ்டின். அவர் 1960-இல் மறைந்த பின், 1962-இல் நூலாக வெளிவந்த அவருடைய விரிவுரைகளில் மூன்று சிறு வாக்கியங்களை அடுத்தடுத்து வைக்கிறார்: ஒருவன் குற்றவாளியாக 'லுக்ஸ்', 'அப்பியர்ஸ்', 'சீம்ஸ்'. முதலாவது அவனுடைய முகத்தையும் பார்வையையும் பற்றிய பேச்சு. இரண்டாவது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட சூழலைச் சார்ந்தது. பணம் எங்கே போயிற்று என்று கேட்கும்போது மழுப்புகிறானே, அந்த நேரத்துக்கு அப்படிப் படுகிறது. மூன்றாவது சாட்சியங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்துச் சொல்வது.

இதைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரிகிறது. முதலாவதற்கு "திருட்டு முழி முழிக்கிறான்" என்போம். மூன்றாவதற்கு "இவன்தான் செஞ்சிருப்பான் போல" என்போம். திருட்டு முழிக்காரன் நிரபராதியாக இருக்கலாம். சாதுவான முகத்தோடு உட்கார்ந்திருப்பவனையும் "இவன்தான் போல" என்று சொல்ல நேரலாம். ஆகவே இவை ஒரே ஏணியின் மேல்படியும் கீழ்ப்படியும் ஆக முடியாது. எதைப் பார்த்து, எங்கே நின்று சொல்கிறோம் என்பதில்தான் பிரிகின்றன.

'சீம்' வந்த வழி வேடிக்கையானது. வைக்கிங்குகளோடு இங்கிலாந்துக்கு வந்த நார்ஸ் மொழியில் அதன் மூலச்சொல்லுக்குப் பொருள் 'தகும்படி இரு, பொருந்து' என்பது. தகுதியான நடத்தையைக் குறிக்கும் 'சீம்லி' என்ற சொல்லில் அந்தப் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே குடும்பத்தில்தான் 'சேம்' என்ற ஆங்கிலச் சொல்லும், வடமொழிவழி நம்மிடம் வந்த 'சமம்' என்பதும் இருக்கின்றன. பொருந்துவதிலிருந்து ஒத்திருத்தல், ஒத்திருத்தலிலிருந்து அப்படித் தோன்றுதல் என்று அந்தச் சொல் நடந்து வந்திருக்கிறது. நம்முடைய 'போல்' நடந்ததும் ஏறத்தாழ இதே வழிதான். உவமை காட்டும் 'போல' ஒருபுறம், ஊகம் காட்டும் "மழை வரும் போல" மறுபுறம். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் கடையில் விற்கும் 'போலி'. உவமைப் பொருள் இல்லாமல் வரும் 'போல்' என்னும் சொல்லுக்கு 'ஒப்பில் போலி' என்று தொல்காப்பியம் பெயரே வைத்திருக்கிறது.

'அப்பியர்' வேறு இடத்துக்காரன். இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த அதன் அடிப்படைப் பொருள் கண்ணுக்கு முன்னால் வருதல். நீதிமன்றத்தில் வக்கீல் 'அப்பியர்' ஆவதிலும், பிள்ளைகள் தேர்வுக்கு 'அப்பியர்' ஆவதிலும் ஐயம் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆஜராவது மட்டும்தான். இதிலிருந்து வந்த 'அப்பரன்ட்' என்ற சொல் ஒரு வாக்கியத்தில் 'வெளிப்படையான' என்றும், அடுத்த வாக்கியத்தில் 'மேலுக்கு அப்படித் தெரிகிற' என்றும் பொருள் தந்து மொழிபெயர்ப்பாளனின் உயிரை வாங்கும். நம் 'தோன்று' என்பதற்கு உண்மையான இணை இதுதான். "தோன்றின் புகழொடு தோன்றுக" என்று தொடங்கும் குறளில் அந்தச் சொல் நான்கு முறை வருகிறது. நான்கிலும் அது வெளிப்படுதல், பிறத்தல் என்பதன் பக்கம் நிற்கிறதே தவிர ஐயத்தின் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

'இஸ்' ஏதோ கெட்டியான ஒற்றைச் சொல் என்று நினைத்தால் அதுவும் ஒட்டுப்போட்ட துணிதான். 'இஸ்', 'பி', 'வாஸ்' மூன்றும் மூன்று வெவ்வேறு வேர்களிலிருந்து வந்து ஒரே வினையாக ஒட்டிக்கொண்டவை. முதலாவதன் வடமொழி உறவு 'சத்தியம்' என்ற சொல்லில் இருக்கிறது. இரண்டாவதன் உறவு 'பாவனை' என்ற சொல்லிலும், மூன்றாவதன் உறவு 'வாசம்', 'வசித்தல்' என்ற சொற்களிலும் இருக்கின்றன. 'வாஸ்' ஒரு காலத்தில் தங்கியிருத்தலைக் குறித்தது என்று படித்தபோது எனக்கு நம் 'இரு' நினைவுக்கு வந்தது. 'இருக்கை' என்றால் உட்காரும் இடம், வாசலில் நிற்பவரிடம் "இருங்க" என்றால் கொஞ்சம் நில்லுங்கள். "அவர் ஆசிரியர்" என்று வினையே இல்லாமல் சொல்லி முடிக்கும் வசதி தமிழில் இருக்கும்போது, ஆங்கிலத்தில் 'இஸ்' கண்ட இடமெல்லாம் "இது ஒரு மரமாக இருக்கிறது" என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை.

'சீம்' எனக்கு அதிகம் தண்ணி காட்டியது வேறோர் இடத்தில். சாவியைத் தேடிக் களைத்துப்போன ஆங்கிலேயர், 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்பதற்குள் ஒரு 'சீம்' நுழைத்து, 'ஐ கான்ட் சீம் டு ஃபைண்ட்' என்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் தோன்ற முடியாதது யாருக்கு என்றே விளங்காது. ஒரு நாவல் மொழிபெயர்ப்பில் இந்த வாக்கியத்தோடு ஒரு மதியம் முழுக்க மல்லுக்கட்டினேன். மாலையில் அடுப்படியிலிருந்து "இந்த டப்பா மூடி திறக்கவே மாட்டேங்குது" என்று குரல் வந்தது. "எவ்வளவு தேடியும் சாவி கிடைக்க மாட்டேன் என்கிறது" என்று எழுதி முடித்தேன். ஆங்கிலம் 'சீம்' போட்டுத் தன் இயலாமையை மென்மையாக்கிக்கொள்கிறது. தமிழ் பழியைச் சாவியின் தலையிலேயே போட்டுவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'எனக்குத் தோன்றுகிறது' என்று நாம் சொல்லும்போது தோன்றுவது யாருக்கு என்பது வாக்கியத்தின் முதலிலேயே நான்காம் வேற்றுமையில் வந்து நின்றுவிடுகிறது. ஷேக்ஸ்பியர் காலத்தில்கூட ஆங்கிலத்தில் 'மீதிங்க்ஸ்' என்று ஒரு சொல் வழங்கியது. அதிலுள்ள 'மீ' என்பது 'எனக்கு'. அதன் பின்பகுதி, நினைப்பதைக் குறிக்கும் 'திங்க்' போலவே ஒலித்தாலும், தோன்றுதலைக் குறித்த வேறொரு பழைய வினையிலிருந்து வந்தது. பிற்காலத்தில் இரண்டும் ஒலியில் கலந்து, தோன்றுதலைக் குறித்தது வழக்கொழிந்து போயிற்று. இன்றைய 'இட் சீம்ஸ்' என்பதில் யாருக்கு என்பதைச் சொல்லலாம், சொல்லாமலும் விட்டுவிடலாம். அலுவலகக் கடிதங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அம்மாவின் அறிக்கையிலும் 'எனக்கு' விடுபட்டுத்தான் இருந்தது. அதை நிரப்பி, "ஸ்கேன் டாக்டர் படத்துல பார்த்த வரைக்கும் ஈரல்ல குறை எதுவும் இல்லம்மா" என்றேன். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

இரவு சித்தியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஈரல் நல்லா இருக்காம், கல்லு ஒண்ணும் இல்லையாம், கணையம் மட்டும் சரியாத் தெரியலையாம்." ஒன்றரைப் பக்க அறிக்கையின் 'இஸ்', 'அப்பியர்ஸ்', 'காணப்படவில்லை' எல்லாவற்றையும் அந்த ஒற்றை 'ஆம்' ஏந்திக்கொண்டது: நான் பார்க்கவில்லை, பார்த்தவர் சொன்னது. அந்த 'ஆம்' என்பதும் 'ஆகும்' என்ற வினை தேய்ந்து வந்ததுதான்.