ஜமக்காளம், பெட்ஷீட் படம் எடுக்கறவங்களுக்கு

பவானி ஜமக்காளமோ சென்னிமலை பெட்ஷீட்டோ, ஆன்லைன்ல விக்கறதுக்கு நிறம்தானுங்க உயிர். பல்பும் ஜன்னல் வெளிச்சமும் கலந்தா ஒரே துணி ஒரு பக்கம் மஞ்சளாவும் மறுபக்கம் நீலமாவும் அடிக்கும். "கலர் வேற"ன்னு சரக்கு திரும்பி வந்தா முதல்ல இதைப் பாருங்க. லைட்டெல்லாம் அணைச்சுட்டு, நேர் வெயில் விழாத ஜன்னலோரம் விரிங்க. எதிர்ப்பக்கம் வெள்ளை சார்ட் நிறுத்துனா நிழல் குறையும். ஃபில்டர் வேண்டவே வேண்டாம்.

நெருக்கமான கோடு திரையில அலையா நெளிஞ்சா ஒரு எட்டு முன்ன பின்ன நகர்ந்து எடுங்க.

இன்ஸ்டா பதிவுக்கு 1080-க்கு 1350 பிக்சல், ஸ்டேட்டஸுக்கு 1080-க்கு 1920. விலையை மேல் கீழ் விளிம்புல எழுதாதீங்க, மறைஞ்சுடும்.

வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்புல டாக்குமெண்ட்டா அனுப்புங்க. சாதாரணமா அனுப்புனா படம் சுருங்கி, கைத்தறியோட இழையே தெரியாம போயிடும். ஆள் உக்காந்த படம் ஒண்ணும் சேருங்க, அளவு புரியும்.