கிடங்கின் மேல் ஓர் அரசாங்கம்

தரங்கம்பாடிக்குப் போவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள். மயிலாடுதுறையில் பொறையார் பஸ்ஸைக் கோட்டைவிட்டு, நான் போய் இறங்கியது உச்சி வெயிலில். நகர வாசலைக் கடந்து ராஜ வீதியில் நேரே நடந்தால் தெரு கடலில் போய் முடிகிறது. வலப்பக்கம் டேன்ஸ்போர்க் கோட்டை.

செஞ்சி, வேலூர் நினைப்போடு வந்தால் ஏமாற்றம்தான். சின்னக் கோட்டை. இலங்கையில் காலூன்றப் பார்த்து முடியாமல் போன டேனிஷ்காரர்களுக்கு, 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் இங்கே இடம் கொடுத்தார். துறைமுகம் என்று ஒன்றும் கிடையாது, வெறும் மணல் கரை. கப்பல் தூரத்தில் நிற்கும், சரக்கு படகில் வரும். அப்படியும் கோட்டையைக் கடலோரமாகவே கட்டினார்கள். நிலத்துப் பக்கம் யாராவது முற்றுகையிட்டாலும் கடல் வழி திறந்திருக்குமே!

உள்ளே போனதும் வெயில் சட்டென்று விட்டது. கீழ்த்தளத்தில் வளைவுக் கூரை போட்ட அறைகள், தடித்த சுவர்கள். சரக்குக் கிடங்கும் சிறையும் இங்கேதான். கவர்னர் குடியிருந்தது மாடியில். மளிகைக் கடைக்கு மேலேயே முதலாளி குடியிருப்பார் இல்லையா, அதே கதைதான். செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பார்த்தபோது இது எனக்கு உறைக்கவில்லை. அங்கே தலைமைச் செயலகத்தின் பரபரப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த ஆள் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. 1640-களுக்கு அப்புறம் டென்மார்க்கிலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் ஒரு கப்பலும் வரவில்லை. கூட இருந்தவர்கள் செத்தும் ஓடியும் போக, 1655-லிருந்து இந்த ஒற்றை ஆள்தான் டென்மார்க் அரசாங்கம். ஊர்க்காரர்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார். ஒருவழியாக 1669-ல்தான் கப்பல் வந்தது. மாடியில் கடலைப் பார்த்த ஜன்னலருகே கொஞ்ச நேரம் நின்றேன். அடிவானத்தில் ஒன்றுமில்லை. பதினான்கு வருஷம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

பிற்காலத்து கவர்னர்கள் கோட்டையை விட்டு எதிரே இருக்கும் பங்களாவுக்குக் குடிபோனார்கள். பெரிய தூண்கள், அகலமான தாழ்வாரம். பயம் தெளிந்தவர்கள் கட்டிய வீடு என்று பார்த்தாலே தெரிகிறது. 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

வடக்கே கொஞ்ச தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்பே, பாண்டியர் காலத்தில் கட்டியது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலைத்தடுப்புப் பாறையில் உட்கார்ந்து செருப்பிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.