வாய்க்கால் ஆருடையது?

செப்டெம்பர் 9, 2025, செவ்வாய்

நேற்றுப் பின்னேரம் சனசமூக நிலையத்தில் கூட்டம். வந்தது ஏழு பேர். அதில் நாலு பேர் நிர்வாகம், ஒருவர் பேப்பர் பார்க்க வந்து மாட்டுப்பட்டவர். விஷயம், மாரி தொடங்குவதற்குள் எங்கள் ஒழுங்கை வாய்க்காலை என்ன செய்வது என்பதுதான். போன நவம்பர்ப் புயல் மழைக்கு முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அப்போது போய்ச் சொல்லப் பிரதேச சபையில் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. 2023 மார்ச்சில் சபையின் காலம் முடிந்தது, அதே மாதம் 9 ஆம் திகதி நடக்க இருந்த தேர்தலும் காசில்லை என்று தள்ளிப்போனது. பிறகு 2025 மே 6 இல் வாக்குப் போடும் வரைக்கும் செயலாளர்தான் எல்லாம். அந்த மனிசனைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் போய்க் கேட்கிற பழக்கத்தையே விட்டுவிட்டோம், அதுதான் எனக்குப் பெரிய நட்டமாகப் படுகிறது.

"ஜீஎஸ்ஸிட்டச் சொல்லுவம்" என்றார் ஒருவர். ஜீஎஸ், அதாவது கிராம சேவகர், பிரதேச செயலகத்து ஆள். வாய்க்கால் பிரதேச சபையின் பாடு. ஒன்று கொழும்பிலிருந்து இறங்கி வருகிற நிர்வாகம், மற்றது நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பியது. பெயர் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் பாதிப் பேர் தவறான வாசலில்தான் போய் நிற்கிறார்கள். ஊரில் பழைய ஆட்கள் இன்னும் "பட்டின சபை" என்றுதான் சொல்லுகிறார்கள், பிரதேச சபைச் சட்டம் வந்தது 1987 இல்!

செப்டெம்பர் 11, வியாழன்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் (2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம்) சபைக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தேன். எங்கள் வட்டாரத்தில் எந்தெந்த வீதியும் வாய்க்காலும் சபையின் பொறுப்பில் இருக்கின்றன, அவ்வளவுதான் கேள்வி. பதினான்கு வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அங்கே இருந்த தம்பி, "ஐயா, ஏதும் பிரச்சினையோ?" என்று பயந்து கேட்டான். இல்லையடா, லிஸ்ற் மட்டும்தான்.

ஒக்டோபர் 1, புதன்

சரியாகப் பதினான்காம் நாள் பதில் வந்தது. பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது, சந்தியிலிருந்து கோயிலடி வரை மாகாணத்தின் வீதி, எங்கள் ஒழுங்கை மட்டும் பிரதேச சபையுடையது. ஒரே வாய்க்கால் இந்த மூன்றையும் கடந்துதான் போகிறது. மழைத்தண்ணீருக்கு இது தெரியுமா?

ஒக்டோபர் 5, ஞாயிறு

இந்த முறை வட்ஸ்அப்பில் "அனைவரும் வருக" என்று போடவில்லை. "உங்கட படலைக்கு முன்னால வாற வெள்ளம் எங்க போகுது? காலமை ஏழு மணிக்கு நடந்து பாப்பம்" என்று மட்டும் போட்டேன். இருபத்துமூன்று பேர் வந்தார்கள். எனக்கே நம்ப முடியவில்லை. பொதுநலம் என்றால் வராத சனம் தன் படலை என்றால் வருகிறது, அதில் என்ன பிழை, நானும் அப்படித்தான்.

கடைசி வீட்டு ஆச்சி பொல்லை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தா. "இதில ஒரு மதகு இருந்தது தம்பி, இடம்பெயர முன்னம்" என்று பூவரசுக்குக் கீழே மண்ணைத் தட்டிக் காட்டினா. ஒரு பெடியன் மண்வெட்டியால் கிளறினான், முக்கால் அடியில் சுண்ணக்கல் கட்டு தெரிந்தது. சபையில் எந்தக் கோப்பிலும் இது இருக்காது என்று நினைக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் பிறிஸ்ரல் மட்டையில் எல்லாவற்றையும் கீறிக்கொண்டு வந்தார்கள், தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் சிவப்புப் புள்ளி.

ஆகப் பெரிய புள்ளி என் வீட்டு வாசலில். ஒன்பது வருடத்துக்கு முன் மோட்டச்சைக்கிள் ஏற்ற நான் போட்ட கொங்கிறீற் சிலாப், வாய்க்காலை அப்படியே மூடிக்கொண்டு கிடக்கிறது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சி மட்டும் சிலாப்பைப் பொல்லால் இரண்டு தரம் தட்டிவிட்டு என்னைப் பார்த்தா.

ஒக்டோபர் 9, வியாழன்

சபை அமர்வைப் பார்க்கப் போனேன். பொதுமக்களுக்கான கதிரையில் நானும் இரண்டு நிருபர்களும். முதல் ஒரு மணித்தியாலம் பெயர்ப்பலகையில் ஆருடைய பெயரைப் போடுவது என்கிற சண்டையிலேயே போனது. எழும்பி வந்துவிடலாம் என்று நினைத்த நேரம் எங்கள் வட்டார உறுப்பினர் எழும்பினா, பிள்ளைகளின் மட்டையை விரித்துப் பிடித்தபடி. சபைகளில் பெண்களுக்கு இருபத்தைந்து வீதம் என்று சட்டம் வந்தபோது, கட்சிக்காரர் பெயருக்கு ஆள் பிடிப்பார்கள் என்று இதே நாட்குறிப்பில் நக்கலாக எழுதியவன் நான். இந்தப் பிள்ளையோ தெருவிளக்கு எண்ணிக்கை வரை மனப்பாடமாகச் சொல்லுகிறா. 2018 இலிருந்து வட்டாரத்துக்கு ஒரு ஆள் என்று வந்ததில் ஒரு நன்மை, ஆரைப் பிடிப்பது என்று தெரியும்.

சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. சுற்றாடல் குழுவுக்குச் சனசமூக நிலையங்களிலிருந்து இரண்டு பேரை எடுக்க வேண்டும் என்று கேட்டா. தவிசாளர் "பாப்பம்" என்றார். இந்த "பாப்பம்" எத்தனை மாதம் போகும் என்பது வேறு கதை.

வெளியே வரும்போது சோலைவரிக் கவுண்டரைக் கண்டேன். இரண்டு வருட நிலுவை. கட்டிவிட்டு வந்தேன், மனுசிக்கு இன்னும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 27, திங்கள்

இன்று சூரன்போர். ஊரே கோயிலில் நிற்க, சபையின் ரக்ரர் இன்றைக்குத்தான் வாய்க்கால் துப்புரவுக்கு வந்தது. தொழிலாளர் மூன்று பேர், காலில் சப்பாத்தும் இல்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். ஒழுங்கையில் பாதி முடிந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

மேசன் வந்து சிலாப்பை உடைத்தார். உள்ளே இரண்டு தேங்காய் மட்டை, ஒரு செருப்பு, சொப்பிங் பையில் கட்டின என்னவோ. பக்கத்து வீட்டு அண்ணை மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னேரம் தன் வாசல் சிலாப்புக்கும் மேசனிடம் விலை கேட்டாராம்.

நவம்பர் 8, சனி

இரவு நல்ல மழை. ரோர்ச்சோடு போய்ப் பார்த்தேன். தண்ணீர் என் வாசலைத் தாண்டி, ஆச்சியின் பழைய மதகுக்குள்ளால் ஓடி, பிரதான வீதி மதகில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அது அதிகார சபையின் மதகு. பிரதேச சபையின் பாதீட்டுக்கு முன்மொழிவு கேட்டிருக்கிறார்கள், அதில் எழுதிப் பயனில்லை. தனிக் கடிதம்தான் போக வேண்டும், உறுப்பினர் கையெழுத்து வைத்துவிட்டா, தவிசாளருடையது இன்னும் வரவில்லை. திங்கள் போய்க் கேட்க வேண்டும்.

மோட்டச்சைக்கிள் இப்போது பலகையில்தான் ஏறுகிறது. மனுசி அதில் கால் வைக்க மாட்டாவாம்.